வாசலில் நின்ற ஜாடி

அத்தியாயம் 9

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி வைத்த பிறகுதான் சுலோச்சனா ஜாடியை எடுக்கப் போனாள். கல்யாண வீட்டு ஊறுகாயைக் கடையில் வாங்குவதா என்று முந்தாநாள்தான் புருஷனோடு ஒரு சண்டை முடிந்திருந்தது. சண்டையில் ஜெயித்தவளுக்குத் தோதாக ஜாடியும் வீடு தேடி வந்துவிட்டது, அதுவும் மலேசியாவிலிருந்து.

நேற்றுச் சாயங்காலம் துர்காதேவி வாசலில் வந்து நின்றதைப் பார்த்தோம். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் துணி சுற்றிய ஜாடி. துணி விலகிய இடத்தில் காப்பி நிறம் தெரிந்ததுமே சுலோச்சனா அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளுடைய அம்மாவின் ஊறுகாய் ஜாடி. அப்பாவின் சூளையில் வெந்து வந்தது. மூடியின் குமிழில் ஒரு பக்கம் உடைந்திருக்கும். உடைத்தவள் சுலோச்சனாவேதான், பள்ளிக்கூடம் போகிற வயதில்.

சுலோச்சனாவின் அண்ணன் உலகநாதன் மீசை முளைத்த சூட்டோடு மலேசியாவுக்குக் கிளம்பியபோது, அம்மா அந்த ஜாடி நிறைய எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தனுப்பினாள். ஊறுகாயும் போயிற்று, ஜாடியும் போயிற்று, ஆளும் போயிற்று. சுங்கைப்பட்டாணிப் பக்கம் தோட்ட வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே துர்கா என்று ஒரே பெண். தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு புடவை மட்டும் தபாலில் வந்தது. தங்கச்சி மகன் பிரேம்நாத்துக்குக் காது குத்தியபோது, 'வரேன் வரேன்' என்று சொல்லிவிட்டுக் கடைசியில் வரவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்து அழுதது.

அன்றோடு சுலோச்சனா அவரை அண்ணன் என்று சொல்வதை விட்டுவிட்டாள். போனில் பேசுவாள், சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், எல்லாம் உண்டு. ஆனால் அந்த வார்த்தை மட்டும் வாயில் வராது. மற்றவர்களிடம் பேசும்போது 'மலேசியாக்காரரு' என்பாள், அவ்வளவுதான்.

'உன் புள்ள கல்யாணத்துக்குக் கட்டாயம் வரேன், தாய்மாமன் முறைக்கு நானே நெத்தியில பட்டம் கட்டுறேன்' என்று போன வருஷம் போனில் சத்தியம் செய்தார் மலேசியாக்காரர். மாசி மாதம் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது வைகாசி. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரேம்நாத்துக்குக் கல்யாணம். வாசலில் பந்தக்கால் நட்டு மஞ்சளும் மாவிலையும் கட்டியாயிற்று. மாமனுக்குப் பதிலாக மகள் வந்திருக்கிறாள்.

ஆகவே நேற்று அந்த ஜாடியைப் பார்த்ததும் சுலோச்சனாவுக்குத் தாங்கவில்லை. மருமகளின் கையிலிருந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, "வந்து சேந்தியா, வந்து சேந்தியா" என்று அழுதபடியே உள்ளே ஓடினாள். சமையலறை மேல்தட்டில் வைத்து, துணி விலகிய இடத்தில் குங்குமப் பொட்டு வேறு இட்டாள். துர்கா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள். ஏன் நிற்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது ஜாடியை இறக்கினால் கனமாக இருந்தது. மேல் துணியை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் துணியால் வாய் கட்டி, அதன்மேல் சிவப்பு நூலை வரிந்து வரிந்து சுற்றியிருந்தது.

'மசாலா ஏதாச்சும் கொண்டாந்திருக்குமோ' என்று நினைத்துக்கொண்டு, நூலை அறுக்க அரிவாள்மணைப் பக்கம் நகர்ந்தாள்.

"அத்தே!"

துர்கா குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"அத்தே, அப்பாவ எதுக்கு எறக்குனீங்க?"

"எந்த அப்பாவ?"

துர்கா ஜாடியைப் பார்த்தாள். சுலோச்சனாவும் ஜாடியைப் பார்த்தாள். பொட்டு வைத்த ஜாடி, பக்கத்தில் உப்புப் போட்ட மாங்காய். சுலோச்சனா ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜாடியைக் கீழே போடாமல் வைத்தது பெரிய காரியம்.

"அடிப்பாவி! ஏன்டி சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அத்தே. நேத்து நீங்க கட்டிப் பிடிச்சு அழுதீங்களே? வந்து சேந்தியான்னு கேட்டீங்களே?"

"நான் ஜாடியக் கேட்டேன்டி! எங்கம்மா ஜாடிய!"

துர்காவின் முகம் வாடிப்போயிற்று. "எங்க ஊர்லயும் அஸ்திய வீட்டுக்குள்ள கொண்டு போக மாட்டாங்க அத்தே. பாதிய அங்கயே மெர்போக் ஆத்துல கரைச்சோம். மிச்சத்த மணிமுத்தாத்துலதான் கரைக்கணும்னு அப்பா சொல்லியிருந்தாரு. இத்தன நாளும் வீட்டுக்குப் பின்னால ரம்புத்தான் மரத்துலதான் கட்டி வச்சிருந்தேன். நேத்து வாசல்ல நின்னதே, இங்க எந்த மரத்துல கட்டணும்னு கேக்கத்தான். அதுக்குள்ள நீங்க வாங்கிட்டு உள்ள போயிட்டீங்க."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இது அப்பா ஊரு. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது? இங்க இப்படித்தான் வழக்கம் போலன்னு நெனச்சுட்டேன்."

மலேசியாவில் பிறந்தவள் சொல்வதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. தப்பு எல்லாம் விருத்தாசலத்தில் பிறந்து வளர்ந்து, ஊரில் நடக்கிற நல்லது கெட்டது அத்தனைக்கும் முன்னால் நின்று முறை சொல்கிற சுலோச்சனாவிடம் இருந்தது.

பந்தக்கால் நட்ட வீட்டுக்காரர்கள் சாவு வீட்டுப் பக்கமே போகமாட்டார்கள். இங்கே ராத்திரி முழுக்க அஸ்தியே அடுப்படியில் இருந்திருக்கிறது. போதாததற்கு இன்றைக்கு மத்தியானம் சம்பந்தி வீட்டிலிருந்து வருகிறார்கள்.

சங்கதியைக் கேட்டதும் அவள் புருஷன் ராஜ்மோகனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "உசிரோட இருக்கறப்ப கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தோம், வரல. இப்ப சமையல்கட்டு வரைக்கும் வந்துட்டாரு மச்சான்."

"சிரிக்கிற நேரமா இது?"

அவர் வாசலைப் பார்த்தார். பந்தக்காலில் கட்டிய மஞ்சள் துணி இன்னும் வெளுக்கக்கூட இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது. போனை எடுத்து ஐயரைக் கேட்டார். முதலில் வெளியே கொண்டுபோய் மரத்தில் கட்டுங்கள், வீட்டை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள், வீட்டில் இருந்த எல்லோரும் தலை முழுகுங்கள், சீக்கிரமாக ஆற்றில் கரைத்துவிடுங்கள் என்றார் ஐயர்.

செராமிக் தொழிற்பேட்டையில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு யூனிட் இருக்கிறது. கரண்டு ஃபியூஸுக்கான பீங்கான் சாமான் செய்கிறார்கள். சூளைப் பக்கம் இருந்த பிரேம்நாத், அப்பா போன் போட்டதும் முழங்கை வரை வெள்ளை மண்ணோடு வண்டியில் வந்து இறங்கினான். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டான். கோபப்படவில்லை. கணக்காக யோசிக்கிற பையன்.

"யம்மா, அவுங்க வந்து போற வரைக்கும் யாரும் வாயத் தொறக்க வேணாம். அப்பிடியே தெரிஞ்சாலும், துர்காதான் வழக்கம் தெரியாம உள்ள கொண்டாந்துட்டான்னு சொல்லிடுவோம். வெளிநாட்டுல பொறந்த பொண்ணு. ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"அவ கேட்டா என்ன நெனைப்பா?"

"ரெண்டு வாரத்துல ஊருக்குப் போயிடப் போறா. நாமதான் இங்க இருக்கணும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மணப்பெண் கயல்விழி நல்ல பெண். சேத்தியாத்தோப்பில் அணைக்கட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. நிச்சயதார்த்தப் படங்களில்கூட அவளுக்குப் பின்னால் தண்ணீர் மினுங்கும். அப்பா இல்லாத பெண்ணை அம்மா மாரியம்மாளும் தாய்மாமன் அன்புச்செல்வனும்தான் வளர்த்தார்கள். அன்புச்செல்வன் முறை தெரிந்த ஆள். முறைக்கு மேலே ஒரு முறை தெரிந்த ஆள் என்றுகூடச் சொல்லலாம். அவர் வேண்டாம் என்று எழுந்துவிட்டால் மாரியம்மாள் மறுபேச்சுப் பேசமாட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. துர்கா ஜாடியைத் தூக்கிக்கொண்டாள். சுலோச்சனா கயிறும் ஒரு சாக்குத் துணியும் எடுத்துக்கொண்டு கூட நடந்தாள். மகசூல் முடிகிற காலம். கீழே விழுந்த பழங்கள் அழுகிப் புளித்த வாடை தோப்பு முழுக்க அடித்தது.

"எந்த மரம் அத்தே?"

சுலோச்சனா ஒரு மரத்தைக் காட்டினாள். அது நிற்கிற மரம் இல்லை. 'தானே' புயலில் வேர் பாதி பிடுங்கிக்கொண்டு படுத்த மரம். படுத்த வாக்கிலேயே தண்டு தரையோடு கொஞ்ச தூரம் ஓடி, அங்கிருந்து கிளைகளை மேலே தூக்கியிருந்தது.

துர்கா ஜாடியோடு அதைச் சுற்றி வந்து பார்த்தாள். அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் நாற்றுப்பண்ணை அவள் பொறுப்பு. மரத்தைக் கண்டால் சும்மா போகமாட்டாள். குனிந்து தண்டு மண்ணைத் தொட்ட இடத்தை விரலால் கிளறினாள்.

"இங்கயும் புதுசா வேர் விட்டிருக்கு. எங்க தோட்டத்துல சாஞ்ச மரத்த விட்டு வைக்க மாட்டாங்க. மெஷின் வந்து அள்ளிட்டுப் போயிடும்."

"இதையும் வெட்ட ஆளு வந்தான். புயலடிச்ச மறு மாசம், தையிலயே நாலு கொப்புல பூ வச்சிருந்துது. பூத்த மரத்த எப்பிடி வெட்டுறதுன்னு ஒங்க மாமா திருப்பி அனுப்பிட்டாரு."

கனமான ஜாடியைக் கிளையில் தொங்கவிட்டால் கயிறு தாங்காது. இரண்டு கிளைகள் பிரிகிற கவட்டையில் சாக்குத் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். துர்கா முடிச்சுப் போட்ட விதம் நன்றாக இருந்தது. குங்குமப் பொட்டு மட்டும் அழியாமல் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தே, பிரேம் சொன்னது கேட்டுச்சு."

சுலோச்சனா கயிற்றைத் திரும்ப ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"அவரு சொல்றது சரிதான். ஏதாச்சும் கேட்டா என் மேல போட்டுருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் திரும்பிப் போறவதானே."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் சுலோச்சனாவுக்கு எரிச்சல் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "சரி சரி, வா. தலைக்கு ஊத்திக்கணும், வூடு கழுவணும், அவுங்க வர்ற நேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மாங்காயை அப்படியே கொட்டினார்கள். வீட்டை மூலை முடுக்கு விடாமல் கழுவினார்கள். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தலை முழுகினார்கள். கடைசியாக பிரேம்நாத் வெளியே வரவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

மாரியம்மாள் இறங்கினாள். பின்னாலேயே அன்புச்செல்வன், கையில் அளவு டேப்பு. வெள்ளிக்கிழமை கட்டிலும் பீரோவும் வண்டியில் வருகின்றன. எந்தச் சுவரில் எதைப் போடுவது என்று முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. கட்டில் மாமன் சீர். தச்சரிடம் அவரே நின்று தேக்கில் செய்தது.

"வாங்கண்ணே, வாங்கண்ணி" என்று சுலோச்சனா அழைக்க, நாலு பேரும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். தண்ணீர் கொடுத்தாள் சுலோச்சனா. அன்புச்செல்வன் நேரே அறைக்குள் போய் டேப்பை இழுத்தார். மறுமுனையை பிரேம்நாத் பிடித்தான்.

"பீரோ இங்க வச்சா ஜன்னல மறைக்கும் மாப்ள."

"அந்தப் பக்கம் வச்சிடலாங்க மாமா."

கூடத்தில் உட்கார்ந்த மாரியம்மாள் அளவைப் பார்க்கவில்லை. ஈரம் காயாத தரையைப் பார்த்தாள். நிலைப்படியில் மஞ்சள் தண்ணீர் தேங்கிய இடத்தைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராகத் தலையைப் பார்த்தாள். சுலோச்சனாவின் முடியில் ஈரம் சொட்டியது. துர்கா துண்டு கட்டியிருந்தாள். ராஜ்மோகனின் வழுக்கையைச் சுற்றியிருந்த நாலு முடியும் நனைந்திருந்தது. மாப்பிள்ளைக்கும் அதே கதி.

"என்னண்ணி, புதன்கிழமை மத்தியானத்துல வூடே தலை முழுவியிருக்குது?"

வீடே தலை முழுகினால் அது சாவுத் தீட்டு என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அறைக்குள் டேப்பு சரசரவென்று சுருண்டுகொள்ளும் சத்தம் கேட்டது. அன்புச்செல்வன் வெளியே வந்தார்.

பிரேம்நாத் முந்திக்கொண்டான். "ஒண்ணுமில்ல அத்தே. மாசி மாசம் எங்க மலேசியா மாமா தவறிட்டாருன்னு சொன்னோமில்ல? அவரு அஸ்திய துர்கா இங்க கரைக்கலாம்னு எடுத்துட்டு வந்திருக்குது. நம்ம வழக்கம் தெரியாம நேத்து வூட்டுக்குள்ள கொண்டாந்துடுச்சு. காலையிலதான் எங்களுக்கே தெரியும். ஒடனே வெளிய எடுத்துட்டோம், வூடும் கழுவிட்டோம்."

துர்கா தலை குனிந்து நின்றாள். நிஜமாகவே தப்புச் செய்தவளைப் போலவே நின்றாள்.

மாரியம்மாளின் முகம் இளகியது. "அட, அதானா. பொறந்தது வளந்ததெல்லாம் அந்தச் சீமை. அதுக்கு என்ன தெரியும் பாவம்."

அன்புச்செல்வனும் தலையசைத்தார். "தெரியாம செஞ்சதுக்குத் தோசம் கெடையாது. சீக்கிரம் ஆத்துல வுட்டுருங்க. வா மாப்ள, இன்னொரு சுவரு பாக்கணும்."

முடிந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. ராஜ்மோகன் மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது. சுலோச்சனா காப்பி போட உள்ளே போயிருக்கலாம். போகத்தான் திரும்பினாள். திரும்பும்போது துர்காவின் காலைப் பார்த்தாள். நிலைப்படிக்கு வெளியே, நேற்று நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள் அவள். வீட்டுக்குள் இத்தனை பேர் இருக்க, அவள் மட்டும் வெளியே.

"அண்ணி."

"சொல்லுங்கண்ணி."

"அது தெரியாத பொண்ணு இல்ல. அதுக்கு நல்லாத் தெரியும். ஜாடிய கையில வச்சிக்கிட்டு வாசல்லதான் நின்னுச்சு. உள்ள தூக்கியாந்தது நானு."

"யம்மா!" என்றான் பிரேம்நாத்.

"நீ சும்மா இரு. எங்கம்மா ஜாடின்னு பாத்தேன். உள்ள என்ன இருக்குதுன்னு கேக்கல. கேக்காமயே வாங்கிட்டுப் போயி அடுப்படியில வச்சேன். பொட்டும் வச்சேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லி முடித்ததும் சுலோச்சனாவுக்குப் பயமாக இருந்தது. மகன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

அன்புச்செல்வன் டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார். "தெரியாத பொண்ணு செஞ்சா ஒண்ணு. பந்தக்கால் நட்ட வூட்டுப் பெரிய பொம்பள செஞ்சா அது வேற. அக்கா, எழுந்திரு, போவலாம்."

"இரு தம்பி" என்றாள் மாரியம்மாள். எழுந்திருக்கவில்லை. வெளியே நின்ற துர்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏம்மா, அப்ப ஏன் நீ வாயத் தொறக்கல? உன் மேல இல்லாத பழியத்தான சொன்னாங்க?"

"கல்யாணம் நின்னுடக் கூடாதுங்க" என்றாள் துர்கா. "அப்பா பாக்கணும்னு இருந்த கல்யாணம்."

மாரியம்மாள் தம்பியைப் பார்த்தாள். தம்பி மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அவர்தான் பேசினார். குரலில் கடுமை குறையவில்லை.

"வெள்ளிக்கிழமை காலையில கட்டிலு வண்டியில ஏறணும். அதுக்கு முன்னாடி அஸ்தி கரைஞ்சிருக்கணும். மணல்ல ஊத்து தோண்டி ரெண்டு கொடம் ஊத்தி மூடுற வேல ஆவாது. வூட்டுக்குள்ள வந்து போனது. ஓடுற தண்ணியில போவணும். போயாச்சுன்னு சேதி வந்தாத்தான் வண்டி கெளம்பும். சேதி வரலன்னா, தேதிய மாத்திக்கலாம்."

தேதியை மாற்றுவது என்றால் என்ன என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மாற்றிய தேதிகள் பெரும்பாலும் வருவதில்லை. மாரியம்மாள் போகும்போது கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போனாள். அன்புச்செல்வனின் டம்ளர் நிரம்பியபடியே இருந்தது.

கார் போன பிறகு பிரேம்நாத் எதுவும் திட்டவில்லை. "சூளை காத்துக்கிட்டு இருக்குது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்து, "துர்கா, மன்னிச்சுக்க" என்றான். பிறகு போய்விட்டான்.

வெயில் தாழ்ந்ததும் சுலோச்சனாவும் துர்காவும் ஸ்கூட்டியில் ஆற்றுக்குப் போனார்கள். பழமலைநாதர் கோயில் கோபுர நிழல் கரை வரைக்கும் விழுந்திருந்தது. மணிமுத்தாற்றில் கரைத்தால் எலும்பு கூழாங்கல்லாகி அடியில் தங்கிவிடும் என்பார்கள். அதற்காக வெளியூரிலிருந்தெல்லாம் இங்கே கொண்டு வருகிறார்கள். கொண்டு வருகிறவர்கள் ஐப்பசி கார்த்திகையில் வந்தால் நல்லது.

இப்போது ஆறு முழுக்க மணல். நடுவில் கருவேலஞ்செடி முளைத்திருந்தது. பாலத்துக்குக் கீழே ஒரு குட்டை. அதில் நின்றது ஊர்ச் சாக்கடை. இரண்டு கொக்குகள் அதற்கும் வந்திருந்தன.

துர்கா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கி நடந்தாள். குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"தண்ணி இல்லாதப்ப இங்க என்ன செய்வாங்க அத்தே?"

"ஊத்துதான் தோண்டுவாங்க. அதத்தான் அவரு வேணாம்னுட்டாரே."

"அப்ப?"

"தெரியலடி" என்றாள் சுலோச்சனா. ஊருக்கே முறை சொல்கிற வாய் அது. தெரியலை என்று அது சொல்லி ரொம்ப நாளாயிற்று. "உங்க ஊர்ல என்னா செய்வீங்க?"

உங்க ஊர், உங்க ஊர் என்று போனில் எத்தனையோ தடவை குத்தலாகச் சொல்லியிருக்கிறாள். 'உங்க ஊரு பெருசாப் போச்சு, எங்க நெனப்பு எங்க வரும்' என்பாள். இன்றைக்குத்தான் பதில் வேண்டிக் கேட்டாள்.

துர்கா யோசித்தாள். "எங்க ஊர்ல தண்ணி இல்லாத ஆறே கெடையாது அத்தே."

துர்காவின் கண் ஆற்றின் போக்கிலேயே கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

"இது எங்க போய்ச் சேருது?"

"கூடலையாத்தூருகிட்ட வெள்ளாத்துல கலக்கும்."

"வெள்ளாறு?"

"அது அப்பிடியே கெழக்க போயி…"

சுலோச்சனா பாதியில் நிறுத்தினாள். கிழக்கே போனால் சேத்தியாத்தோப்பு. மணிமுத்தாறும் வெள்ளாறும் ஒன்றாகப் போய் நிற்கிற அணைக்கட்டு. எந்தக் கோடையிலும் அங்கே தண்ணீர் நிற்கும், மதகு வழியாகக் கொஞ்சமாவது ஓடும். கயல்விழியின் படத்துக்குப் பின்னால் மினுங்குகிற தண்ணீர். அந்தக் கரையில் நின்றால் சம்பந்தி வீட்டு வாசல் தெரியும். அந்த வாசலில் அன்புச்செல்வன் நிற்பார்.

துர்கா அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

சுலோச்சனா போனை எடுத்தாள். சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கரைத்துவிட்டு வரலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் கேட்காமல் செய்ததற்குத்தான் இன்றைக்கு முழுக்கப் பட்டாயிற்று. மாரியம்மாளின் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்தாள். அப்புறம் அதை விட்டுவிட்டு அன்புச்செல்வனின் நம்பரை அழுத்தினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாரோ என்று நினைக்கிற நேரத்தில் எடுத்தார்.

"சொல்லுங்க."

சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஆறு, அணைக்கட்டு, ஓடுகிற தண்ணீர், வெள்ளிக்கிழமை. ஒன்றும் வரவில்லை. பிரேம்நாத் காது குத்தியபோது அழுத அழுகை காதில் கேட்டது. தோப்பில் படுத்த மரத்தின் கவட்டையில் பொட்டோடு உட்கார்ந்திருக்கிற ஜாடி கண்ணுக்குள் வந்தது.

"அலோ? சம்பந்தியம்மா? சொல்லுங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க" என்றாள் சுலோச்சனா. "எங்க அண்ணன் வந்திருக்குது. உங்க ஊருக்கு அழைச்சிட்டு வரலாமா?"